கட்டபெட்டில் ஒரு டீ

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில்
பதினாறு துளைகள்.
ஏழு வருடம் ஓட்டிய போஜராஜுக்கு
அது அங்கே இருப்பதே தெரியாது.
ஈரத் தரையில் மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டு
மொபைல் டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
கேபிளைச் செருகினேன்.
'டாக்டர் மாதிரி' என்றார்.
டாக்டர் இல்லை.
ஃபேக்டரியில் பச்சை இலை எடை போடும் கம்ப்யூட்டருக்குக் காவல்.
பழைய காரை நம்பாத ஆள். அவ்வளவுதான்.

லேப்டாப் டிரைவர் சீட்டில். சார்ஜ் முப்பத்தொன்று.
கோத்தகிரி மேட்டில் மூடுபனி ஏறி வந்து
கதவிடுக்கில் எட்டிப் பார்த்தது.
முதலில் ஒன்றும் வரவில்லை.
பிறகு எண்கள், ஒவ்வொன்றாக,
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர்கள்போல.
சூடு எண்பத்தொன்பது.
சுற்று எழுநூற்று ஐம்பது.
வெளிக்காற்றின் அழுத்தம் எண்பத்திரண்டு.
கண் இல்லாத பெட்டி அது.
மலைமேல் நிற்கிறோம் என்று மட்டும் தெரிந்திருக்கிறது.

பிழைகள்: இல்லை.
போஜராஜ் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

அங்கேயே மூடியிருக்கலாம்.
இன்னும் ஒரு பக்கம் கீழே போனேன்.
பிழைகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரம்:
ஒன்பது கிலோமீட்டர்.

மறந்துவிடு என்று யாரோ சொன்னதை மட்டும்
அது மறக்கவில்லை.

'குன்னூர்லருந்து நேரா வந்தீங்களா?'
'நேராத்தான் மேடம்.'
'வழியில எங்கயும் நிக்கல?'
'கட்டபெட்டுல ஒரு டீ.'

கட்டபெட்டிலிருந்து இங்கே எவ்வளவு என்று
எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.
பின் கண்ணாடியில் ஒரு பள்ளிக்கூட ஸ்டிக்கர்,
பாதி உரித்து, நகம் வலித்து விட்டது.
நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.
டீ நல்லா இருந்துச்சா என்று கேட்டேன்.
சர்க்கரை அதிகம் என்றார்.

ஒரு சுற்றுப் போய் வரலாமா என்றேன்.
கோடநாடு ரோடு. அவர் ஓட்ட, என் மடியில் லேப்டாப்.
தூங்கும் பிள்ளையை மாற்றிப் படுக்க வைப்பதுபோல்
கியர் மாற்றினார்.
பத்து. பதினொன்று. பன்னிரண்டு.
விளக்கு வரவில்லை.
இருபுறமும் கவாத்து செய்த தேயிலை.
பேச ஒன்றுமில்லாததால் வைப்பர் பேசியது.

ஒரு ஏற்றத்தின் அடியில் வண்டியை நிறுத்தினார்.
ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.
'இப்படி ஓட்டினா வராது மேடம்.'

இடம் மாறி உட்கார்ந்தோம்.
அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன்:
மூணாவதுல போடுங்க. கீழ இறக்காதீங்க.
பாதி மிதிங்க. இன்னும் கொஞ்சம்.
இப்போ.
கார் இருமியது. ஒரு தோள் குலுங்கியது.
மஞ்சள் விளக்கு மின்னி மின்னி எரிந்தது.
'அதான்' என்றார்,
நெடுநாள் ஒளித்து வைத்த கையை நீட்டுகிறவர்போல.

திரையில் பி பூஜ்யம் மூன்று பூஜ்யம் மூன்று.
மூன்றாவது சிலிண்டர் பற்றவில்லை.

இன்ஜினை இறக்கணும்னு சொல்லிட்டான் மேடம்,
முப்பதாயிரம் ஆகுமாம்,
மகளுக்கு ஃபீஸ் கட்டணும்,
அதான் அழிச்சுக் குடுன்னு கேட்டேன்.
நூறு ரூபாய் வாங்கினான். டீயும் அவனே சொன்னான்.

எனக்குத் தெரிந்து
இது இன்ஜினை இறக்கும் வேலையாக இருக்காது.
ஒரு காயில் போயிருக்கும்.
பக்கத்துக் காயிலைக் கழற்றி மாற்றி மாட்டினால்
பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.
ஆயிரத்து எண்ணூறு. கோயமுத்தூரில் இன்னும் குறையும்.

'நீங்களே ஒரு விலை சொல்லுங்க' என்றார்.

வண்டியைத் திருப்பினேன்.
மஞ்சள் விளக்கு முகத்தில் பட்டுக்கொண்டே இருந்தது.
முப்பதாயிரத்தைக் கழித்துப் பார்த்தேன்.
கழித்தால் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பார்த்தேன்.
பேசாமல் ஓடிய தூரம்:
ஒரு கிலோமீட்டர்.
இரண்டு.
கேபிள் இன்னும் செருகித்தான் இருந்தது,
என் முழங்காலில் இடித்தபடி.

மார்க்கெட் இறக்கத்தில்
கேரட் மூட்டை ஏற்றும் பிக்கப்புக்காக நிற்கையில்,
மூன்று கிலோமீட்டர் தாமதமாக,
'போஜராஜ், ஒரு ஸ்பேனர் இருக்கா?' என்றேன்.